பொய் சொன்னால் திறக்கும் கதவு

மைசூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுல்தான் பத்தேரி வழியாக வயநாட்டுக்கு ஏறுகிறது. மற்றொன்று பந்திப்பூர்க் காட்டுக்குள் நுழைந்து கூடலூர், ஊட்டி என்று போகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் எல்லைகளும் இந்த வட்டாரத்தில்தான் சந்திக்கின்றன. குண்டலுபேட்டை மைசூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. காட்டைத் தாண்டினால் 1955இல் மைசூரிலிருந்து பிரிக்கப்பட்ட உதகை மறைமாவட்டம். மேற்கே போனால் மலையாளம் பேசும் சீரோ மலபார், சீரோ மலங்கரா மறைமாவட்டங்கள். கன்னடக் கத்தோலிக்கர், கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளி போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் கத்தோலிக்கர், இஞ்சி போட நிலம் குத்தகைக்குப் பிடிக்க வயநாட்டிலிருந்து வருபவர்கள் என்று ஜெபிக்கும் மொழி ஆளுக்கொன்று. ஆனால் வீட்டுப் பையன் ஒருவன் சாமியாருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான் தொடங்கும். ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, அப்பா அம்மாவின் திருமணச் சான்று, மதிப்பெண் பட்டியல், மருத்துவச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலாகப் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம்.

இந்தக் காகிதக் கட்டில் எங்கும் எழுதப்படாத கேள்வி ஒன்று உண்டு. குருமட அதிபரோ ஆன்ம குருவோ பயிற்சிக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம். கேட்காமலும் விடலாம். உனக்குப் பெண்கள்மீது ஈர்ப்பா, ஆண்கள்மீதா? இரண்டாவது என்று உண்மையைச் சொல்பவனுக்குக் குருப்பட்டம் கிடையாது என்பது 2005 நவம்பரிலிருந்து திருச்சபையின் எழுத்துபூர்வ விதி.

வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் அந்த மாதம் வெளியிட்ட அறிவுரை ஏடு மூன்று வகையினரைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது என்றது. தன்பாலினத்தாருடன் உறவு கொள்பவர்கள், ஆழ்ந்து வேரூன்றிய தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், 'கே' பண்பாட்டை ஆதரிப்பவர்கள். விடலைப் பருவத்தில் வந்துபோன ஈர்ப்பாக இருந்தால், திருத்தொண்டர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பாவது அதிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும். 1961இலேயே துறவற சபைகளுக்கு இப்படி ஓர் உத்தரவு இருந்தது. 2005இன் ஏடு அதை வெளிப்படையாக வகுத்துச் சொன்னது. செயலையும் இயல்பையும் தனித்தனியே பிரித்து, யாரையும் தொட்டேயிராத ஒருவனைக்கூட அவன் இயல்புக்காகவே விலக்கியது. அதே ஏட்டில் இன்னொரு வரியும் உண்டு: பட்டம் பெறுவதற்காகத் தன் தன்பாலீர்ப்பை மறைப்பது கடுமையான நேர்மைக்கேடு.

சொன்னால் வெளியே. சொல்லாவிட்டால் பொய்யன். பதினாறு பதினேழு வயதில் வீட்டைவிட்டு வந்த ஒரு பையனுக்கு நேர்மையோடு உள்ளே இருக்க வழியே விடாத விதி இது. கத்தோலிக்கக் குருக்களிடையே தன்பாலீர்ப்பு பற்றிப் பேசப்படும் ஊழல், இரட்டை வாழ்க்கை, மிரட்டல், வெறுப்புப் பிரசங்கம் ஆகியவற்றுக்கெல்லாம் வேரைத் தேடி மனித பலவீனம்வரை போக வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன். இந்த வாசற்படியிலேயே அது கிடக்கிறது.

இரண்டு பேர் வேண்டாம், மூன்று பேராக இருங்கள்

மணத்துறவு எல்லாக் குருக்களுக்கும் பொது. பெண்ணை விரும்புகிறவனும் ஆணை விரும்புகிறவனும் ஒரே வாக்கைத்தான் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க எந்தப் பக்கம் ஈர்ப்பு என்பதில் என்ன வந்துவிடப் போகிறது? திருச்சபையிடம் இதற்குப் பதில் இருக்கிறது. குரு ஓர் ஆன்மிகத் தந்தை; ஆண்களோடும் பெண்களோடும் சரியான முறையில் பழகும் உணர்வு முதிர்ச்சி அவருக்கு வேண்டும்; தன்பாலீர்ப்பு அதற்குத் தடையாகிறது என்கிறது 2005இன் ஏடு. இந்தத் தடையை அது நிறுவிக் காட்டவில்லை, அறிவிக்க மட்டும் செய்கிறது. உணர்வு முதிர்ச்சி தனக்குள் இருப்பதைப் பெயர்சொல்லி ஏற்றுக்கொள்வதிலிருந்துதான் தொடங்குகிறது. அதையே தடுத்துவிட்டு முதிர்ச்சியைக் கேட்டால் எங்கிருந்து வரும்?

உலகெங்கும் குருமடங்களில் வழிவழியாக வந்த எச்சரிக்கை ஒன்று உண்டு. இரண்டு பேராகச் சேர்ந்து திரியாதீர்கள், மூன்று பேராக இருங்கள். 'பர்ட்டிகுலர் ஃபிரண்ட்ஷிப்' என்ற ஆங்கிலச் சொல் அந்தச் சுவர்களுக்குள் ஒரு நோயின் பெயரைப் போல ஒலிக்கும். இதன் விளைவு இருவகை மாணவர்களையும் தாக்குகிறது. பெண்ணை விரும்புகிறவனும் நெருங்கிய நண்பன் ஒருவனை வைத்துக்கொள்ளப் பயப்படுகிறான். கொஞ்சம் மென்மையாகப் பேசுகிறவன், நடையில் வளைவு உள்ளவன், பாடகர் குழுவில் மேல்சுரம் பிடிக்கிறவன் 'ஒம்போது' என்ற பட்டப்பெயரைச் சுமக்கிறான். தத்துவம், களப்பணி ஆண்டு, இறையியல் என்று பத்தாண்டுக்கு மேல் நீளும் பயிற்சியில், தன்னைப் பற்றி ஒரு வரியும் உண்மையாகப் பேசாமல் நல்ல மதிப்பெண் வாங்குவது எப்படி என்பதை அவன் கற்றுத் தேர்ந்துவிடுகிறான். பிறகு ஊர் கூடி மாலை போட்டு, முதல் நன்றித் திருப்பலி நடத்தி, புதுச் சாமியாரின் உள்ளங்கையை முத்தமிடுகிறது. பெற்றோருக்கு அதைவிடப் பெரிய நாள் வேறில்லை. அந்த நாளுக்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் பல மடங்கு கடினமாகிவிடுகிறது. இப்போது அது குடும்பத்தின் மானம், பங்கின் மானம், மறைமாவட்டத்தின் மானம்.

இந்த ரகசியம் நம் காலத்து நோய் என்று நினைப்பவர்கள் பதினோராம் நூற்றாண்டுக்குப் போய்ப் பார்க்கலாம். சுமார் 1049இல் பீட்டர் தமியான் என்ற இத்தாலியத் துறவி, குருக்களிடையே நிலவிய ஆண் உறவுகளைக் கண்டித்து ஒன்பதாம் லியோ பாப்பரசருக்கு ஒரு நூலையே எழுதி அனுப்பினார். அதில் அவரை மிகவும் கொதிக்க வைத்தது, சேர்ந்து பாவம் செய்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்து விஷயத்தைத் தங்களுக்குள் முடித்துக்கொள்கிறார்கள் என்பது. எல்லாரையும் பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்றார் தமியான். பாப்பரசர் அந்த அளவுக்குப் போகவில்லை. கடுந்தண்டனை, அதை நிறைவேற்ற முடியாத நடைமுறை, இரண்டுக்கும் நடுவே மௌனம் என்ற ஏற்பாடு அப்போதே உருவாகிவிட்டது.

கர்தினாலின் கதை

ஸ்காட்லாந்தின் கர்தினால் கீத் ஓபிரையன் 2012இல் தன்பாலினத் திருமணத்தை எதிர்த்துப் பிரிட்டனில் யாரும் பேசாத வேகத்தில் பேசினார். அந்த ஆண்டு அங்குள்ள தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பான ஸ்டோன்வால் அவருக்கு 'ஆண்டின் வெறுப்பாளர்' என்று பட்டமே கொடுத்தது. 2013 பிப்ரவரியில் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகுவதாக அறிவித்து, புதிய பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் ரோமுக்குக் கிளம்பிய வாரத்தில் 'அப்சர்வர்' ஏட்டில் ஒரு செய்தி வந்தது. மூன்று குருக்களும் ஒரு முன்னாள் குருவும், 1980களிலிருந்து தங்களிடம் அவர் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் புகார் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரி 25 அன்று அவர் பேராயர் பதவியிலிருந்து விலகினார். மார்ச் 3 அன்று, ஒரு குருவுக்கும் பேராயருக்கும் கர்தினாலுக்கும் உரிய நெறிக்குக் கீழே தன் பாலியல் நடத்தை இறங்கிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். 2015இல் கர்தினாலுக்குரிய உரிமைகளைத் துறந்தார். 2018இல் இறந்தார்.

அவரை வேடதாரி என்று சொல்லி முடித்துவிடலாம். அது எளிது. நான் அங்கே நிற்க விரும்பவில்லை. புகார் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். அவர்கள் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள், அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள். ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்த ஒரு குருவின் வீடு, சம்பளம், மாற்றல், படிப்பு, மருத்துவச் செலவு எல்லாமே ஆயரின் கையெழுத்தில் இருக்கின்றன. அவர்கள் ஏன் முப்பது ஆண்டு பேசவில்லை என்று கேட்பதற்கு முன், பேசியிருந்தால் அவர்களைப் பார்த்து என்ன கேட்டிருப்பார்கள் என்று கேட்க வேண்டும். நீயும் அப்படிப்பட்டவன்தானா என்று கேட்டிருப்பார்கள்.

இந்தியாவில் அந்தக் கேள்வியின் கூர்மை இன்னும் அதிகம். காரணம், சட்டத்தில் விழுந்திருக்கும் ஓர் ஓட்டை. இதை நம் பத்திரிகைகள் போதிய அளவு பேசவில்லை.

மெக்காலே வரைந்து 1860இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகளின் அமர்வு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்றது. சம்மதம் இல்லாத செயல்களுக்கு மட்டும் அந்தப் பிரிவு மிஞ்சியிருந்தது. ஓர் ஆண் இன்னோர் ஆணை வன்புணர்ந்தால் வழக்குப் போட அந்த மிச்சம்தான் இருந்தது. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த மிச்சமும் போயிற்று. புதிய சட்டத்திலும் வன்புணர்வுக்கு ஆளாகிறவர் பெண்ணாக மட்டுமே இருக்க முடியும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பெண்களுக்கானது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் போக்சோ இருக்கிறது. அது பையன், பெண் என்று பார்க்காது, தெரிந்தும் புகார் கொடுக்காதவரையும் தண்டிக்கும். பதினெட்டைத் தாண்டிய மறுநாள் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

குருமடத்தில் இறையியல் படிக்கும் இருபத்தியிரண்டு வயது இளைஞனை எடுத்துக்கொள்வோம். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் அவனிடம் அத்துமீறுகிறார். காவல் நிலையத்துக்குப் போனால் காயம் ஏற்படுத்தியது, மிரட்டியது என்று சுற்றி வளைத்துத்தான் வழக்குப் பதிய முடியும். ஆயரிடம் போனால் 2005இன் விதி காத்திருக்கிறது. அவன் பெண்ணை விரும்புகிறவனாகவே இருந்தாலும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். உண்மையிலேயே ஆணை விரும்புகிறவனாக இருந்தால் புகார் மனுவே அவனுடைய வெளியேற்றக் கடிதமாகிவிடக் கூடும். குருமடங்களின் ஒழுக்கத்தைக் காக்க வந்ததாகச் சொல்லப்படும் விதி, அத்துமீறுகிறவருக்குக் கேடயமாக நிற்கிறது.

திருச்சபையின் சொந்தச் சட்டம் இந்த விஷயத்தில் இந்தியச் சட்டத்தைவிட முன்னே போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மே மாதம் பிரான்சிஸ் பாப்பரசர் பிறப்பித்த ஆணை, வன்முறையாலோ மிரட்டலாலோ அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ யாரையும் பாலியல் செயலுக்கு உட்படுத்துவதை விசாரிக்க வழி வகுத்தது. புகார் கொடுத்தவரை வாய் பொத்தச் சொல்லி யாரும் கட்டளையிட முடியாது என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு மறைமாவட்டமும் மக்கள் எளிதில் அணுகக்கூடிய புகார் ஏற்பாட்டை வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 2023 மார்ச்சில் அது நிரந்தரமாக்கப்பட்டது. 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட திருச்சபைச் சட்டத்திலும் அதிகாரத்தைக் கொண்டு செய்யும் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை உண்டு. உங்கள் பங்குக் கோவிலின் அறிவிப்புப் பலகையில் அந்தப் புகார் முகவரி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று அடுத்த ஞாயிறு பாருங்கள்.

பழி போட ஓர் ஆள்

குழந்தைகள்மீதான பாலியல் கொடுமைகள் வெளிவரத் தொடங்கியதும், திருச்சபைக்குள் பலர் விரலை ஒரே திசையில் நீட்டினார்கள். குருக்களில் தன்பாலீர்ப்பாளர் புகுந்துவிட்டதால்தான் எல்லாம் என்றார்கள். 2018 ஆகஸ்டில், அமெரிக்காவில் வத்திக்கான் தூதராக இருந்த பேராயர் விகானோ எழுதிய பகிரங்கக் கடிதம் இந்தக் குற்றச்சாட்டை உலகச் செய்தியாக்கியது. நம் ஊர்களிலும் இதை நம்புகிறவர்கள் ஏராளம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பையன்கள்தானே என்பது அவர்கள் வாதம்.

அமெரிக்க ஆயர்கள் பேரவை கேட்டுக்கொண்டதன்பேரில் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி இரண்டு பெரிய ஆய்வுகளைச் செய்தது. 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள்மீது குற்றச்சாட்டு எழுந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 10,667 பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். 2011இல் வந்த இரண்டாவது ஆய்வு, இந்தக் கொடுமைக்குத் தன்பாலீர்ப்பு காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று முடித்தது. பையன்கள் ஏன் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்? குருவோடு தனியே இருக்கும்படி வீட்டார் நம்பி அனுப்பியது பையன்களைத்தான். பீடச் சிறுவர்களாக நின்றது அவர்கள், இளங்குருமடத்தில் படுத்துறங்கியது அவர்கள். பெண் பிள்ளைகள் பீடத்தில் உதவலாம் என்று வத்திக்கான் தெளிவாகச் சொன்னதே 1994இல்தான். கொடியவன் கைக்கு எட்டியதைப் பற்றுகிறான்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் பழக்கம் ஏதோ தெருப்பேச்சில் பிறந்ததும் இல்லை. 1962 மார்ச்சில் ரோமின் திருஅலுவலகம் உலகெங்கும் உள்ள ஆயர்களுக்கு ஒரு ரகசிய அறிவுரையை அனுப்பியது. அதில் 'மிகக் கொடிய குற்றம்' என்ற தலைப்பின்கீழ் வருவது, குரு ஒருவர் தன் பாலினத்தைச் சேர்ந்தவரோடு கொள்ளும் உறவு. குழந்தையைச் சீரழிப்பதும் தண்டனை அளவில் அதற்குச் சமமாக வைக்கப்பட்டது. சம்மதத்தோடு கூடிய இரு வளர்ந்த ஆண்களும், ஒரு குழந்தையும் அதைச் சீரழித்தவனும் ஒரே கோப்பில், ஒரே ரகசிய முத்திரையின்கீழ்! இப்படிப் பார்க்கப் பழகிய நிர்வாகம், குழந்தைக்கு நேர்ந்ததை ஒரு குருவின் கற்புப் பிறழ்ச்சியாக மட்டும் கண்டதில் வியப்பில்லை. ஜெபிக்கச் சொன்னார்கள், தியானத்துக்கு அனுப்பினார்கள், வேறு பங்குக்கு மாற்றினார்கள். குழந்தைகள் தொடர்பான வழக்குகளில் பாப்பரசருக்குரிய ரகசியக் காப்பு நீக்கப்பட்டது 2019 டிசம்பர் 17 அன்றுதான்.

ரகசியத்தின் பழக்கம் பாலியல் விஷயத்தோடு நிற்பதில்லை என்பதற்குக் குண்டலுபேட்டைக்காரர்கள் தொலைவில் சாட்சி தேட வேண்டாம். 2019இல் மைசூர் மறைமாவட்டத்தின் 37 குருக்கள் தங்கள் ஆயருக்கு எதிராகக் கடுமையான குற்றச்சாட்டுகளை எழுதி ரோமுக்கு அனுப்பினார்கள். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். அந்த விவகாரத்துக்கும் இந்தக் கட்டுரையின் பொருளுக்கும் தொடர்பில்லை. ஆனால் நிர்வாகம் எப்படி இயங்கியது என்பதில் தொடர்பு உண்டு. 2023 ஜனவரியில் ரோம் அவரை விடுப்பில் போகச் சொல்லி, ஓய்வுபெற்ற பெங்களூர் பேராயரை நிர்வாகியாக நியமித்தது. பின்னர் ஆயரின் விலகல் ஏற்கப்பட்டது. விசாரணையில் என்ன தெரிந்தது, எது மெய், எது பொய் என்று வரி கட்டும் பங்கு மக்களிடம் யாரும் விளக்கவில்லை. குற்றம் சாட்டியவருக்கும் சாட்டப்பட்டவருக்கும் இந்த மௌனம் ஒருசேர அநியாயம்.

பீடத்திலிருந்து வரும் சொற்கள்

2013 ஜூலை இறுதியில் ரியோவிலிருந்து திரும்பும் விமானத்தில் பிரான்சிஸ் பாப்பரசர் சொன்ன "தீர்ப்பிட நான் யார்?" என்ற கேள்வி உலகமெங்கும் மேற்கோளாயிற்று. அவர் அதைப் பொதுவாகச் சொன்னதாகவே பலர் நினைக்கிறார்கள். அன்று நிருபர் கேட்டது ஒரு குருவைப் பற்றி. வத்திக்கான் வங்கியில் பொறுப்புக்கு நியமிக்கப்பட்ட ஒருவரின் தன்பாலீர்ப்பு குறித்து. பாப்பரசரின் அந்தப் பதில் ஒரு குருவுக்காகவே வந்தது. ஆனால் அவருடைய ஒப்புதலோடு 2016 டிசம்பரில் வெளியான குருத்துவப் பயிற்சி ஏடு, 2005இன் தடையை அப்படியே திரும்ப எழுதியது. 2023 ஜனவரியில், தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று உலக நாடுகளுக்குச் சொன்னவரும் அவரே. அந்த டிசம்பரில் தன்பாலின இணைகளுக்கு ஆசீர் அளிக்க வழிவிட்டவரும் அவரே. 2024 மே 20 அன்று இத்தாலிய ஆயர்களின் கதவடைத்த கூட்டத்தில், குருமடங்களில் அவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும்போது கொச்சையான வசைச்சொல்லைப் பயன்படுத்தியவரும் அவரே. எட்டு நாள் கழித்து வத்திக்கான் மன்னிப்புக் கேட்டது. வெளியே இருப்பவருக்கு இரக்கம், உள்ளே இருப்பவருக்கு விலக்கு: இந்த முரணைத் தீர்க்காமலேயே அவர் 2025 ஏப்ரலில் கண்மூடினார். அவருக்குப் பின் வந்த பதினான்காம் லியோவின் முதல் ஆண்டில், செப்டம்பர் மாதம், தன்பாலீர்ப்புள்ள கத்தோலிக்கர் யூபிலி யாத்திரையாக ரோமின் புனித பேதுரு பெருங்கோவிலுக்குள் நடந்தார்கள். விதி மட்டும் அசையவில்லை.

இந்தியாவில் நேர்மையான குரல் ஒன்று எழாமல் இல்லை. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஐ மீட்டபோது மதத் தலைவர்கள் பலர் வரிசையாக வரவேற்றார்கள். சில கிறிஸ்தவ அமைப்புகள் அந்த வழக்கிலேயே மேல்முறையீடு செய்திருந்தன. அந்த நேரத்தில், தன்பாலினத் திருமணத்தை ஏற்காவிட்டாலும் அவர்களைக் குற்றவாளிகளாகத் திருச்சபை கருதியதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர் அப்போதைய மும்பைப் பேராயர், கர்தினால் ஆஸ்வால்டு கிராசியஸ். அந்த நாட்களில் அதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

கீழே, பங்கு அளவில், அந்தத் துணிவு வந்து சேரவில்லை. சோதோம் கொமோரா அழிந்த கதையை உரக்கச் சொல்லும் மறையுரையும், ஜெபித்தால் 'குணமாகும்' என்ற வாக்குறுதியும் இன்னும் உண்டு. பிள்ளையைத் தியான இல்லத்துக்கு இழுத்துப்போகும் பெற்றோர், சாமியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியே போகிறார்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்தார். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்நெறி மீறல் என்றது. அந்தத் தீர்ப்பில் என்னை மிகவும் தொட்டது தடை உத்தரவு இல்லை. தனக்கு இதில் முன்முடிவுகள் இருக்கின்றன என்று நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே ஆலோசனைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். ஓர் ஆயரால் இதைச் செய்ய முடியாதா?

மேடையில் அதிகம் சீறுகிறவர் எல்லாரும் மறைத்து வாழ்கிறவர்தான் என்று சொல்ல மாட்டேன். அது இன்னொரு வகைக் கொடுமை. சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். ஆனால் மறைத்து வாழ்கிற ஒருவர் கூட்டத்தின் நடுவே பேச நேரும்போது, மென்மையாகப் பேசினால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் ஒரு படி அதிகமாகவே கத்துவார் என்பதைப் புரிந்துகொள்ள உளவியல் பட்டம் தேவையில்லை. அவர் முன்னே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பையன் அதைத் தனக்கான தீர்ப்பாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

சொன்னவர்கள்

போலந்தைச் சேர்ந்த கிரிஸ்டோஃப் சரம்சா, வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்திலேயே அதிகாரியாக இருந்த குரு. குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் தொடங்குவதற்கு முந்தைய நாள், 2015 அக்டோபர் 3 அன்று, தான் ஆண் துணையோடு வாழ்வதாகப் பத்திரிகையாளர்முன் அறிவித்தார். அன்றே பதவி போயிற்று. அவர் மணத்துறவு வாக்கை மீறியிருந்தார். நடவடிக்கையைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்தது. 2017 டிசம்பரில் பங்குத்தந்தை கிரெகரி கிரைட்டன் ஞாயிறு திருப்பலியில் எழுந்து, தான் தன்பாலீர்ப்பாளர் என்றும் மணத்துறவு காத்து வாழ்கிறவர் என்றும் தன் மக்களிடம் சொன்னார். பங்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எந்த வாக்கையும் அவர் மீறவில்லை. பொய்யை மட்டும் கைவிட்டார்.

நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆன்ம குரு, பிரான்சிஸ்கன் சபையின் மைக்கேல் ஜட்ஜ், 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத்தில் இறந்தவர்களுக்கு ஜெபித்துக்கொண்டிருந்தபோது மடிந்தார். அன்றைய பலிகளில் முதலாவதாகப் பதிவானது அவர் உடல். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது நெருங்கியவர்களுக்குத் தெரியும். மீட்புக்கு வந்தவர்கள் அவர் உடலை நாற்காலியில் சுமந்துவரும் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து வந்த விதிப்படி அப்படிப்பட்ட ஒருவர் குருவாகவே ஆகியிருக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு செய்தி. 2021 ஜூலையில் அமெரிக்க ஆயர் பேரவையின் பொதுச் செயலர் ஜெஃப்ரி பரில், ஆண்கள் ஆண்களைச் சந்திக்கும் கிரைண்டர் செயலியின் இருப்பிடத் தரவுகளைக் கொண்டு ஒரு கத்தோலிக்கச் செய்தித் தளம் அவர் நடமாட்டத்தைத் தொடர்ந்ததால் பதவி விலகினார். டென்வரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கக் குழு இப்படிக் குருக்களை வேவு பார்க்கும் தரவுகளுக்கு 40 லட்சம் டாலராவது செலவழித்ததை 2023இல் 'வாஷிங்டன் போஸ்ட்' வெளிக்கொணர்ந்தது. நம் ஊர்களில் இவ்வளவு செலவு தேவைப்படாது. ஒரு போலிக் கணக்கு, இரண்டு புகைப்படம், ஆயருக்கு அனுப்பிவிடுவேன் என்ற ஒரு வரி போதும். 377 போன பிறகும் அந்த மிரட்டல் ஒரு குருவிடம் பலிக்கிறது என்றால், அதற்கு உயிர் கொடுப்பது இந்திய அரசின் சட்டமில்லை, திருச்சபையின் விதிதான்.

மாற்றத்துக்கு ஒரு சிறு வழி திறந்திருக்கிறது. 2016இன் ஏடு, ஒவ்வொரு நாட்டு ஆயர் பேரவையும் தன் நாட்டுக்கேற்ற பயிற்சி நெறியை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. இத்தாலிய ஆயர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். 2025 ஜனவரி 9 முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சோதனையாக நடைமுறைக்கு வந்த அவர்கள் நெறி, பழைய தடையைத் திரும்பச் சொன்னாலும் ஒன்றைச் சேர்த்தது: ஒருவனுடைய தன்பாலீர்ப்பை மட்டும் தனியே எடுத்துத் தீர்மானிக்காமல் முழு ஆளையும் பார்க்க வேண்டும், மணத்துறவைக் கொடையாக ஏற்று, சுதந்திரமாகத் தேர்ந்து, பொறுப்போடு வாழ அவனால் முடியுமா என்பதே கேள்வி. ரோம் இதற்கு ஒப்புதல் தந்தது. இந்திய ஆயர்களும் குருத்துவப் பயிற்சிக்கெனத் தங்கள் சாசனத்தை வைத்திருக்கிறார்கள். இத்தாலியர் எழுதியதை அவர்களும் எழுதலாம்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. குருமடத்தில் புகார் பெறுபவர் அதிபராகவோ ஆன்ம குருவாகவோ இல்லாத, முடிந்தால் திருச்சபை ஊழியராகவே இல்லாத ஒரு பெண்ணாக இருக்கட்டும். அத்துமீறல் பற்றிப் புகார் கொடுக்கும் மாணவனின் பாலீர்ப்பு விசாரணையில் கேட்கப்படாது, அதைக் காட்டி அவன் வெளியேற்றப்பட மாட்டான் என்று ஒரு பக்கத்தில் அச்சடித்து, சேரும் நாளில் ஒவ்வொரு பையன் கையிலும் அவன் பெற்றோர் கையிலும் கொடுக்கட்டும். அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட மைசூர் ஆயருக்கோ, உதகை ஆயருக்கோ, வயநாட்டின் மானந்தவாடி ஆயருக்கோ ரோமின் அனுமதி வேண்டியதில்லை.